ஒற்றை முகடு

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையிலேயே லட்டு. அரசு மருத்துவமனைகளுக்கான டெண்டர் கிடைத்துவிட்டதாம். எம்.டி. கிருபாகரன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தார். "தமயந்தி, உங்க டிபார்ட்மென்ட் இல்லன்னா இது இல்ல" என்றார். என் டிபார்ட்மென்ட் என்றால் தரப் பிரிவின் தலைவி ஜெசிந்தா, அவளுக்குக் கீழே புள்ளியியல் பார்க்கும் நான், அப்புறம் பாதி நாள் ஓடாத ஒரு பிரிண்டர்.

நாங்கள் செய்வது சிரிஞ்ச் பம்பு. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நரம்புக்குள் மருந்தை மணிக்கு அரை மில்லி, ஒரு மில்லி என்று தள்ளும் பெட்டி. பம்பு தள்ளும் அளவு, திரையில் வைத்த அளவைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. நூறு பம்பில் ஐந்துக்கு மேல் அப்படித் தவறக் கூடாது. டெண்டரின் நிபந்தனை அது.

லட்டைக் கடித்துக்கொண்டே ஜெசி டெண்டரோடு வைத்த தர அறிக்கையைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'பிழைகளின் பரவல் சமச்சீரானதால், எல்லையைத் தாண்டும் பம்புகள் நூற்றுக்கு நாலரைக்கு மேல் இருக்க இயலாது.'

சமச்சீரானதால்! லட்டைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோபம் ஆறவில்லை. எதற்குக் கோபம் என்று எழுதிவிட்டால் ஆறுமோ என்னவோ.

வெளி லேப் ஒன்று இருநூறு பம்புகளை அளந்து ஜெசிக்கு இரண்டே எண்கள் கொடுத்திருக்கிறது. சராசரிப் பிழை ஏறக்குறைய பூஜ்யம். சிதறலைச் சொல்லும் திட்ட விலக்கம் மூன்று புள்ளி இரண்டு சதவீதம். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, பத்துக்கு வெளியே அதிகபட்சம் எத்தனை பம்பு போக முடியும் என்று கேட்டால் அதற்கு ஒரு சமனிலி இருக்கிறது. பரவல் எப்படி இருந்தாலும் பொருந்தும். அது சொல்வது, நூற்றுக்குப் பத்துக்குக் கொஞ்சம் மேலே வரை போகலாம். டெண்டர் கோவிந்தா.

இன்னொரு சமனிலி இன்னும் கறாரானது. பரவலுக்கு நடுவில் ஒரே ஒரு முகடு இருந்து, அங்கிருந்து இரு பக்கமும் இறங்கிக்கொண்டே போனால், நாலரைக்கு மேல் போகாது. ஜெசி எடுத்தது இது. ஆனால் இதற்குச் சமச்சீர் மட்டும் போதாது. நடுவில் ஒரு மலை, இரு ஓரத்திலும் ஒவ்வொரு குன்று என்று வரைந்தால் அதுவும் சமச்சீர்தான், இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்தாற்போல் இருக்கும். ஓரத்துக் குன்றுகளில் எத்தனை பம்பு நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஒற்றை முகடு என்ற அந்த இரண்டு வார்த்தைகள் அறிக்கையில் எங்கும் இல்லை.

தெரியாமல் விட்டாள் என்று சொல்லலாம். வேறு யாரைப் பற்றியாவது சொல்லலாம். திருச்சியில் எம்.எஸ்சி. படிக்கையில் வகுப்பில் எழுந்து போய் அந்த மலையையும் இரண்டு குன்றையும் கரும்பலகையில் வரைந்து காட்டியவளே அவள்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து பொறாமைப்பட்டேன்.

கேன்டீனில் கேட்டேன்.

"ஜெசி, ஒற்றை முகடுன்னு எங்கயும் போடலையே?"

"அளவைப் பிழை எல்லாம் அப்படித்தான்டி இருக்கும். நடுவுல குவியும், ஓரத்துல கொறையும்."

"பாத்தியா?"

"சாப்பிடு தமா. சாம்பார் ஆறுது."

ஆகஸ்ட் 8, வியாழன்

லேப்புக்கு மெயில் போட்டேன், இருநூறு அளவுகளையும் தனித்தனியாக அனுப்பச் சொல்லி. "இதுவரைக்கும் யாரும் கேக்கலையே மேடம்" என்று போனில் ஒருவன் ஆச்சரியப்பட்டான். கத்தியிருப்பேன். அவன் என்ன செய்வான், பாவம்.

வீட்டில் தண்ணீர் வரவில்லை. ஓசூரில் மழை பெய்தாலும் இந்தக் குடியிருப்பில் தண்ணீர் வராது. கீழ்த்தளத்தில் ஜெசி வீட்டில் இரண்டு குடம் வாங்கி வந்தேன். படிவரை அவளே தூக்கிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வந்துவிட்டது. படமாக வரைந்தேன்.

நடுவில் ஒரு மலை. ஓரத்தில் இரண்டு குன்று.

பதினெட்டு பம்புகள் எல்லைக்கு வெளியே. பத்து அதிகமாகத் தள்ளுகின்றன, எட்டு குறைவாகத் தள்ளுகின்றன. எல்லாமே பத்துக்குச் சற்று மேலே கும்பலாக நிற்கின்றன. நடு மலைக்கும் அந்தக் குன்றுகளுக்கும் இடையில் ஒரு பம்புகூட இல்லை. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சராசரி மட்டும் அழகாகப் பூஜ்யம். நூற்றுக்கு ஒன்பது. அவள் போட்டது நாலரை.

சராசரி சரியாக இருக்கிறதாம். ஒரு குழந்தைக்கு அதிக மருந்து, பக்கத்துக் கட்டில் குழந்தைக்குக் குறைந்த மருந்து, இரண்டு குழந்தைக்கும் சேர்த்துச் சராசரி சரி. இதற்கா லட்டு கொடுத்தார்கள்?

ஆகஸ்ட் 10, சனி

அளவு திருத்தும் மேசைக்குப் போனேன். முனிரத்தினம் அண்ணன்தான் அங்கே. பிழை ஐந்து சதவீதத்தை எட்டினால் அந்தப் பம்பு இவரிடம் வரும். இவர் ஒரு திருத்த எண்ணைப் பம்புக்குள் ஏற்றி அனுப்புவார்.

"எந்த எண்ணண்ணே போடுறீங்க?"

"ஸ்க்ரீன்ல வர்றதத்தான் மேடம். பிளஸ் அஞ்சுன்னு வந்தா பிளஸ் அஞ்சு."

"பழைய சாஃப்ட்வேர்லயும் இப்படியா?"

"அப்பவும் ஸ்க்ரீன்ல வர்றதத்தான் போட்டேன்."

பழைய சாஃப்ட்வேர் திரையில் காட்டியது திருத்தத்தை. ஏப்ரலில் வந்த புதியது காட்டுவது பிழையை. குறி தலைகீழ். ஐந்து கூடுதலாகத் தள்ளும் பம்பில் இன்னொரு ஐந்தை ஏற்றினால் பத்து. ஐந்து குறைவாகத் தள்ளுவதில் இன்னும் ஐந்தைக் குறைத்தால் அந்தப் பக்கம் பத்து. இரண்டு குன்றும் அப்படித்தான் முளைத்திருக்கின்றன.

திருத்தியதை மறுபடி அளப்பதில்லையா என்றேன். நேரமில்லை என்று அதையும் ஏப்ரலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். அவர் முகம் வெளுத்துப்போனது. "மேடம், என்ன ஆச்சு?" அவரிடம் கோபப்பட முடியவில்லை. குறியை மாற்றிப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி வருபவை சரியாக இருக்கும். ஏற்கெனவே போனவை? டெண்டருக்காகச் செய்து வைத்திருந்ததில் ஆயிரத்துக்கு மேல் இந்த வாரமே போய்விட்டன, பதினொரு ஆஸ்பத்திரிகளுக்கு.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஜெசியின் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படத்தை அவள் முன்னால் வைத்தேன். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கல்லூரியில் ஒரு நிரூபணத்தைப் பார்க்கும்போது விரலால் உதட்டை இழுப்பாளே, அதேபோல் இழுத்தாள்.

"மூணு முகடு" என்றாள்.

"ஆமா. நீ போர்டுல வரைஞ்சியே, அதே படம். இப்ப ஆஸ்பத்திரில வரைஞ்சு வெச்சிருக்க."

"கத்தாதடி. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும். பச்சப் புள்ளைங்க உடம்புல ஏறுது ஜெசி. நாளைக்கே அரசாங்கக் கொள்முதல் கமிட்டிக்கு எழுதுறேன். எல்லாத்தையும் திரும்பக் கொண்டுவரச் சொல்றேன்."

அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். உதறினேன்.

"ஒரு வாரம் குடு தமா. நானே சார்கிட்ட பேசுறேன். நம்மளே திரும்ப வாங்குறோம்னு கம்பெனி சொன்னா ஒரு மாதிரி. வெளியில இருந்து போனா வேற மாதிரி. என் கையெழுத்துடி அதுல."

"கையெழுத்துப் போடும்போது தெரியலையா?"

அவள் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். இந்தக் கம்பெனியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள். அப்பா போனபோது பஸ்ஸில் என்னோடு தஞ்சாவூர்வரை வந்தவள். அதெல்லாம் கணக்கில் வராது. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். நாளைக்கே எழுதுவேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஸ்கூட்டர் பஞ்சர். இந்த ஊரில் பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு டீ குடிப்பதுதான் முழு நேர வேலை. ஆபீசுக்குப் போகவே பதினொன்று ஆகிவிட்டது. அதன் பிறகு மீட்டிங். கடிதம் எழுத உட்கார நேரமில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். இரண்டாம் பத்தி சரியாக வரவில்லை. 'திட்டமிட்டு மறைத்த' என்று எழுதினேன். அடித்துவிட்டு 'கவனக்குறைவால் விடுபட்ட' என்று எழுதினேன். அது பொய். அதையும் அடித்தேன். கணக்கு விஷயத்தில் வார்த்தை துல்லியமாக இருக்க வேண்டும். அவசரத்தில் அனுப்பி, நாளை அவர்கள் ஒரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டால்? பிரிண்டர் வேறு மக்கர்.

கிருபாகரனை லிப்டில் பார்த்தேன். ஜெசி இன்னும் அவரிடம் பேசவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. மாடிக் கொடியில் துணி காய வைத்துவிட்டு இறங்கினால், என் வாசலில் ஒரு தூக்கு. சங்கரா மீன் குழம்பு. ஜெசி வைக்கும் குழம்பைத் தூத்துக்குடியில் அவள் அம்மாவாலும் வைக்க முடியாது.

மீன் குழம்பு வைத்து என்னை வாங்கப் பார்க்கிறாள். வாயில் வைக்கக் கூடாது என்று நினைத்தேன். தூக்கைக் கழுவி அவள் வாசலில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

கடிதம் தயார். இனி ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. சனிக்கிழமை அனுப்பினால் யார் பார்க்கப்போகிறார்கள்? திங்கட்கிழமை போடலாம். தேதியை மட்டும் அன்றைக்கு அடித்துக்கொள்ளலாம்.

தண்ணீர் லாரி வந்தது. குடியிருப்புச் செயலாளர் என்னோடு சண்டைக்கு வந்தார். நன்றாகக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எட்டேமுக்காலுக்குப் போன். புகார் எண்ணுக்கு வந்ததை எனக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டு. குணவதி என்று பெயர் சொன்னார், ஸ்டாப் நர்ஸ்.

"மேடம், நீங்க கம்பெனியா? உங்க பம்பு பத்திப் பேசணும். இருபத்தெட்டு வாரத்துப் புள்ள. பிரஷர் மருந்து ஓடிட்டிருந்துச்சு. பேட்டரி போச்சுன்னு பம்ப மாத்துனோம். மருந்து அதே, ரேட்டு அதே. பம்பு மட்டும்தான் வேற. கொஞ்ச நேரத்துல பிரஷர் தடதடன்னு எறங்கிருச்சு."

"குழந்தை...?"

"டாக்டர் வந்து ஒரு வழியா ஏத்திட்டாரு. இப்ப இருக்கு. ஆனா புள்ள நீலம் பூத்துப்போச்சு மேடம், அவங்க அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டிருக்கா. ரெண்டும் உங்க பம்புதான். ரெண்டும் புதுசு. எப்படி?"

இரண்டு பம்பின் வரிசை எண்களையும் வாங்கினேன். எங்கள் கணினியில் தேடினேன். இரண்டும் ஜூலையில் திருத்தும் மேசைக்குப் போய் வந்தவை. ஒன்று கூட்டலில், ஒன்று கழித்தலில். இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்கு ஒரே தாவலில் தாவியிருக்கிறது அந்தக் குழந்தை. மருந்து ஐந்தில் ஒரு பங்கு திடீரென்று குறைந்திருக்கிறது.

"சிஸ்டர், எங்க பம்பு எல்லாத்தையும் கழட்டுங்க. பழசு எது இருக்கோ அதப் போடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஒன்பதரைக்குள் கடிதம் போய்விட்டது. கமிட்டிக்கும் பதினொரு ஆஸ்பத்திரிக்கும். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. தேதி மட்டும் அடித்தேன்.

இந்தக் கிருபாகரனை, அந்த லேப்பை, ஏப்ரலில் மறு அளவையை நிறுத்தியவனை, ஜெசியை, எல்லோரையும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்த வேண்டும். எல்லோரையும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கிருபாகரன் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றுகொண்டேதான் பேச விரும்பினேன். "ஆயிரம் பம்பும் திரும்பி வரணும்" என்றேன். "நானூறு குடும்பம் இங்க சாப்பிடுது தமயந்தி" என்றார். அந்தக் குடும்பங்களுக்குப் பிறக்கும் குழந்தைகளும் அந்த வார்டுக்குத்தானே சார் போகும் என்றேன். வெளியே போகச் சொன்னார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கமிட்டி உத்தரவு போட்டுவிட்டது. எல்லாப் பம்புகளும் திரும்பி வருகின்றன. குணவதி சிஸ்டர் போன் செய்தார். குழந்தை பால் குடிக்கிறதாம். போனை வைத்துவிட்டுக் கழிவறையில் போய் நின்றேன்.

செப்டம்பர் 11, புதன்

சென்னையில் கமிட்டியின் விசாரணை. கிருபாகரன், ஜெசி, நான். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவராக ஓய்வுபெற்ற ஒரு குழந்தை மருத்துவர் அம்மா.

கிருபாகரன் பாடம் செய்து வந்திருந்தார். "மேடம், இது ஒரு ஊழியரோட கணக்குத் தப்பு. நல்ல மனசோட செஞ்ச தப்பு. ரொம்ப சிக்கலான புள்ளியியல். அவங்கள நாங்க வேற வேலைக்கு மாத்துறோம்." ஜெசியைப் பார்த்து ஆறுதலாகச் சிரிக்கவும் செய்தார். முன்பே பேசி வைத்திருப்பார்கள் என்று எனக்குப் புரிந்தது. தவறு என்று ஒப்புக்கொண்டால் வேலை போகாது.

டாக்டர் அம்மா ஜெசியிடம் திரும்பினார். "கணக்குத் தப்பாம்மா?"

ஜெசி எழுந்து நின்றாள். எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

"கணக்குல தப்பே இல்ல மேடம். அந்தச் சமனிலி சரி. போட்ட எண்ணும் சரி. ஒரே முகடு இருக்கணும்ங்கற நிபந்தனைய நான் எழுதல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. இருபத்திரண்டு வயசுலேர்ந்து தெரியும். அத எழுதினா, 'பாத்தீங்களா'ன்னு யாராவது கேப்பீங்க. பாக்கணும்னா லேப்ல எல்லா அளவையும் வாங்கணும், அதுக்குள்ள டெண்டர் தேதி போயிரும். சார்கிட்ட சொன்னேன். 'சமச்சீர்னு போடுங்க, அதுவே கேக்க நல்லாத்தானே இருக்கு'ன்னார். போட்டேன்."

கிருபாகரன் பாதி எழுந்தார். "இது அபாண்டம்!"

"உக்காருங்க" என்றார் டாக்டர் அம்மா, குரலை உயர்த்தாமல். பிறகு ஜெசியிடம், "இதச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். என்ன வேணா எழுதிக்கோங்க. கணக்குத் தெரியாதவன்னு மட்டும் எழுதிடாதீங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை கோபத்துக்கு நடுவே எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அதை நினைத்து இன்னும் கோபம் வந்தது.

என்னிடம் ஒரே கேள்விதான். கடிதத்தைத் தூக்கிக் காட்டி, நீங்கள் எழுதியதா என்றார்கள். ஆமாம் என்றேன். தெரிந்த உடனே தாமதிக்காமல் எழுதியதற்கு டாக்டர் அம்மா நன்றி சொன்னார். தலையாட்டினேன்.

திரும்பும் ரயிலில் ஜெசியும் நானும் வேறு வேறு பெட்டி.

செப்டம்பர் 17, செவ்வாய்

கம்பெனிக்கு டெண்டர் ரத்து. மூன்று வருடத்துக்கு எந்த டெண்டரிலும் கலந்துகொள்ளக் கூடாது. கிருபாகரன் மேல் தனி வழக்கு. ஜெசி வேலையை விட்டுவிட்டாள், மாதக் கடைசிவரை நோட்டீஸ் காலம். திரும்பி வந்த ஒவ்வொரு பம்பையும் தனித்தனியாக அளந்து அறிக்கை தர வேண்டும் என்பது உத்தரவு. இந்தத் தடவை சமனிலியெல்லாம் கிடையாது. எண்ணித்தான் ஆக வேண்டும்.

அம்மா போனில், "ஜெசிகூட ஏன்டி பேச மாட்டேங்கிற?" என்றாள். அவளிடம் யார் சொன்னது? ஜெசிதான் சொல்லியிருப்பாள். எவ்வளவு திமிர்.

செப்டம்பர் 28, சனி

குடோன் முழுக்க அட்டைப்பெட்டி. நீள மேசையில் பத்துப் பம்புகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் மருந்துக்குப் பதிலாகத் தண்ணீரை ஒரு பீக்கருக்குள் தள்ளும். பீக்கர் தராசின் மேல் இருக்கும். எவ்வளவு தள்ளியது என்று எடை சொல்லிவிடும். ஜெசி படிப்பாள், நான் எழுதுவேன். நோட்டீஸ் காலத்தில் இவள் குடோனுக்கு வரவேண்டிய கட்டாயம்கூட இல்லை. தினமும் எனக்கு முன்னால் வந்து மேசையைத் துடைத்து வைத்திருக்கிறாள். இத்தனை நாளும் எங்களுக்குள் எண்களைத் தவிர வேறு பேச்சு இல்லை.

"பிளஸ் பூஜ்யம் புள்ளி நாலு."

எழுதினேன்.

"மைனஸ் ஒண்ணு புள்ளி ஒண்ணு."

எழுதினேன்.

அடுத்ததைப் படிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கடிதத்தக் காட்டுனாங்கல்ல அன்னிக்கு, விசாரணையில. தேதி பத்தொன்பதுன்னு இருந்துச்சு."

நான் நோட்டில் அடுத்த வரிக்குக் கோடு போட்டேன்.

"நாளைக்கே எழுதுறேன்னு நீ பன்னண்டாந்தேதி சொன்ன. பதிமூணாந்தேதியே போயிருச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன். சார்கிட்ட போய்ப் பேசி என்ன ஆகப்போகுதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்." விரலால் உதட்டை இழுத்தாள். "சிஸ்டர் போன் பண்ணதும் பத்தொன்பதுதான். காலையில."

"ஸ்கூட்டர் பஞ்சர் ஆச்சு" என்றேன். "பிரிண்டர் ஓடல. அப்புறம் லீவு."

"எனக்காகவாடி?"

பத்துப் பம்பும் சீராகத் தள்ளிக்கொண்டிருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையையே கவிழ்த்திருப்பேன். இவ்வளவு செய்துவிட்டு இவள் எப்படி என்னை இப்படிக் கேட்கலாம்? யார் இவள், என்னைக் கேட்க?

"நம்பரப் படி" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசின் பக்கம் குனிந்தாள்.

"மைனஸ் பத்து புள்ளி மூணு."

எழுதினேன். எல்லையைத் தாண்டியதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். பேனாவை மாற்ற மறந்துவிட்டேன்.